நான்கு மணி நேர நாவல்கள்

ஏப்ரல் 1, செவ்வாய்

கணவருக்குச் செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் டயாலிசிஸ்; சிறுநீரகம் செய்யாத வேலையை நான்கு மணி நேரம் இயந்திரம் செய்கிறது. உடலில் தங்கிய நீரால் இன்று அவருடைய எடை மூன்று கிலோ கூடியிருந்தது. சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு நாள் அதிகம் விழுவதால் செவ்வாய்க்கிழமைகள் எப்போதுமே கடுமையானவை. இடது கையில் இரண்டு ஊசிகளையும் ஏற்றி முடிக்கும் வரை கண்ணாடிக் கதவருகே நின்றுவிட்டு, பிறகு நாற்காலிக்கு வந்து இமையத்தின் ‘செல்லாத பணம்’ நாவலைத் திறந்தேன். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கியது. 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாமல்தான் எடுத்து வந்தேன். மருத்துவமனைக் கதை என்று தெரிந்திருந்தாலும் எடுத்துத்தான் வந்திருப்பேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இந்த நாவலை இங்கே உட்கார்ந்து படிக்கக் கூடாது என்று பக்கத்து நாற்காலிக்கார அம்மா சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறியியல் படித்த ரேவதி ஓர் ஆட்டோ ஓட்டுநரை மணந்துகொண்டு, பின்பு தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மரில் கிடக்கிறாள். ஆனால் இமையம் கட்டிலருகே நெடுநேரம் நிற்பதில்லை. வார்டுக்கு வெளியே காத்துக் கிடக்கும் தகப்பன் நடேசன், தாய் அமராவதி, அண்ணி அருண்மொழி ஆகியோரைத்தான் விடாமல் பின்தொடர்கிறார். கதையின் பெரும்பகுதி பேச்சாகவே நகர்கிறது. அழுகையும் பழியும் ஒரே இடத்தில் சுற்றுகின்றன என்று சிலர் குறை சொல்லக்கூடும். சுற்றத்தான் செய்யும்; இந்த நடையில் உட்கார்ந்திருக்கும் யாரும் ஒரு பேச்சை ஒரு முறை மட்டும் பேசி நான் கேட்டதில்லை. நடேசனிடம் பணம் இருக்கிறது, அது எதற்கும் உதவவில்லை. அதைப் பெரிதாக விளக்காமல், ஒவ்வொரு மணி நேரத்தையும் கடக்கவைத்தே உணர்த்திவிடுகிறார்.

துணைக்கு இருப்பவர்களை இப்படிக் கவனித்து எழுதிய வேறு நாவல்கள் எவை என்று வீடு திரும்பும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் 5, சனி

நாத்தனாரின் பரிசோதனை முடிவு வரவில்லை. எதையும் படிக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பூமணியின் ‘வெக்கை’ நான்கு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1982இல் வந்த நாவல். ‘அசுரன்’ படத்தைப் பார்த்தவர்கள் கதை தெரியும் என்பார்கள், ஆனால் படத்தில் உள்ள ஆர்ப்பாட்டம் நாவலில் இல்லை. அண்ணனைக் கொன்றவனைப் பதினைந்து வயதுச் சிதம்பரம் வெட்டிவிட்டு ஓடுவதில் தொடங்கி, அய்யாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் எட்டு நாட்கள்தான் நாவல். கொலை சில பக்கங்களில் முடிந்துபோக, மீதியெல்லாம் எங்கே தண்ணீர் குடிப்பது, எதைத் தின்பது, எங்கே தலை சாய்ப்பது என்பதாகவே செல்கிறது. அந்தத் தகப்பனைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். மகன் செய்த காரியத்தைவிட அவனுடைய பசிதான் அவர் கண்ணில் படுகிறது. அன்பு என்ற பேச்சே இல்லாமல் அன்பை எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் மிகச் சிலரே. பூமணி அவர்களில் ஒருவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

இரத்த அழுத்தம் இறங்கியதால் அரை மணி முன்பாகவே நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 12, சனி

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. இதைக் கல்லூரி நாட்களில் படித்திருந்தேன் என்றாலும் ஜமுனாவைத் தவிர ஒன்றும் நினைவில் தங்கவில்லை. 1973இல் வந்த இந்த நாவலில் நம் ஊர்ப் பெண்கள் விடிவதற்கு முன்பே குடத்தோடு தெருத்தெருவாக அலைகிறார்கள். 2019 கோடையில் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்த எங்களுக்கு அதில் ஒரு வரிகூடப் பழையதாகத் தெரியாது.

ஆனால் இன்று நான் அதைப் படித்தது வேறு விதமாக. எங்கள் வீட்டில் தினமும் காலையில் ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் தண்ணீரை நிரப்பிச் சமையல் மேடையில் வைக்கிறேன். கணவருடைய அந்த நாள் முழுவதும் அதற்குள்தான். காபி கொடுத்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துத் துளசிக்கு ஊற்றிவிடுகிறேன். ஒரு கரண்டி ரசத்துக்கும் அப்படியே. பிற்பகல் நான்கு மணிக்குமேல் அவர் பாட்டிலைப் பார்ப்பதையும், நான் பார்ப்பதை அறிந்து பார்வையைத் திருப்பிக்கொள்வதையும் யாரிடமும் சொன்னதில்லை. குழாயில் வராத தண்ணீரைப் பற்றிய நாவலை, கேனில் நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாத ஒருவருக்கு வெளியே உட்கார்ந்து படித்தேன். அசோகமித்திரன் தாகத்தைப் பற்றி உருக்கமாக எதுவும் எழுதுவதில்லை. யார் எங்கே எத்தனை குடம் பிடித்தார்கள் என்ற கணக்கைச் சொல்லிக்கொண்டே போகிறார். அந்தக் கணக்கின் கனம் எனக்குத் தெரியும்.

டீச்சரம்மா வரும் பகுதியை இரண்டு முறை படித்தேன். வாழ்க்கையே வேண்டாம் என்று நினைத்துவிட்ட ஜமுனாவை அவர் தம் வீட்டுக்கு அழைத்துப் போய்த் தம்முடைய நிலைமையைச் சொல்கிறார். வயதில் மிக மூத்த, இருமிக்கொண்டே இருக்கும் கணவர், மாமியார், பள்ளி வேலை, தண்ணீருக்கான அலைச்சல். தம்மைத் தியாகி என்று அவர் சொல்லிக்கொள்வதில்லை, ஆசிரியரும் அப்படிச் சொல்ல இடம் கொடுப்பதில்லை. அந்தப் பேச்சு ஜமுனாவுக்கு எப்படி ஆறுதலாகும் என்று கல்லூரியில் எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. இப்போது யாராவது கேட்டால், அது ஆறுதலே அல்ல, அடுத்த நாளைக்கான வேலையைக் கையில் கொடுப்பது என்று சொல்வேன். மறுநாள் ஜமுனா எழுந்து குடத்தை எடுக்கிற அளவுக்கு அது போதும்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடியில் மாங்காய்த் துண்டு ஒன்றே ஒன்று அவருக்கு.

ஏப்ரல் 17, வியாழன்

‘அம்மா வந்தாள்’. தி. ஜானகிராமனின் மொழியழகைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். காவிரிக்கரையும் வேத பாடசாலையும் பவானியம்மாளும் இந்துவும் வரும் முதல் பகுதியில் எனக்கும் அதே மயக்கம்தான். இருந்தாலும் 1966இல் வெளிவந்தபோது அத்தனை எதிர்ப்பைச் சந்தித்த இந்த நாவலில் அலங்காரத்தம்மாளைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்களே, தண்டபாணியைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? எல்லாம் தெரிந்தும் அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் கோழை என்று விட்டுவிடுவது எளிது. எனக்கு முடியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சொல்லாத ஒன்றைச் சுற்றி இருவரும் அன்றாடத்தை நடத்துவது எத்தகைய உழைப்பு என்று தி.ஜா. அறிந்திருக்கிறார். பாட்டிலைப் பற்றி நானும் அவரும் பேசுவதில்லை.

கடைசியில் அலங்காரம் காசிக்குப் புறப்படும்போது தண்டபாணி அந்த வீட்டில் எப்படி இருப்பார் என்பதை ஆசிரியர் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்க வேண்டும். இது என் தீராத குறை.

ஏப்ரல் 19, சனி

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை மகன் அனுப்பியிருந்தான். மெடான், ஜப்பானியப் படை, பாண்டியன் என்று அது எங்கெங்கோ இழுத்துச் செல்கிறது. பெரிய எழுத்து என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிகிறது. எனக்கு இப்போது அவ்வளவு தூரம் போக முடியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

முடிவு இன்னும் வரவில்லை. ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன். நாத்தனார் என்னிடம், “ஏன் மன்னி பயப்படறீங்க?” என்று கேட்டபோது பதில் சொல்லத் தோன்றவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தொடங்கியிருக்கிறேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது, 1979இல் வந்தது. களத்துக்கு நேரில் சென்று, அம்மக்களோடு பழகிவிட்டு எழுதுவதே அவருடைய முறை என்பார்கள்; பாத்திகளின் வேலையைச் சொல்லும் இடங்களில் அந்த உழைப்பு தெரிகிறது. வாதம் செய்ய வேண்டிய இடத்தில் சில பாத்திரங்கள் கட்டுரை போலப் பேசிவிடுகின்றன. ஆனால் பொன்னாச்சி பேசும்போது அந்தக் குறை மறந்துபோகிறது. இந்தப் பெண் அளத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் தம்பி பச்சையின் நிலை என்னவாகிறது என்பதை அறிந்தாக வேண்டும். நாற்பதாம் பக்கத்தில் இருந்தபோது உள்ளே கூப்பிட்டார்கள்.