கல்லடிப் பாலத்துக்கு ஏன் பெயின்ட்?

ஒபிஸில் ஓர் அண்ணன் கேட்டார்: “பக்கத்தில புதுப்பாலம் இருக்கு, மட்டக்களப்பில பழைய கல்லடிப் பாலத்துக்கு எதுக்குப் பெயின்ட் அடிச்சுக் காசைக் கரைக்கிறது?”

கொழும்புக்காரர் அப்படித்தான் கேட்பார்கள். கிராண்ட்பாஸில் களனி ஆற்றைக் கடக்க 1822இல் படகுப் பாலம், 1895இல் விக்டோரியா பாலம், 2021இல் கல்யாணிப் பாலம். இங்கே பழசு போனால் புதுசு, அவ்வளவுதான். மட்டக்களப்பில் அப்படியில்லை. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரில் 1924இல் கட்டிய இரும்புப் பாலம், 2013இல் புதியது திறந்த பிறகும் வாவிக்கு மேலேயே நிற்கிறது.

அண்ணனுக்கு நான் சொன்னது இதுதான். பெயின்ட் அழகுக்கு இல்லை. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு ஊதும். இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஈரம் புகுந்தால் போதும், அந்தத் துருவே தகடுகளை நெம்பி, அவற்றைப் பிணைக்கும் ரிவெட் ஆணியின் தலையைத் தெறிக்க வைக்கும். மூட்டுகளில் குப்பையும் பறவை எச்சமும் சேர்ந்தால் இன்னும் மோசம், ஈரம் காயாது. அதனால்தான் சின்னச் சுத்தியலால் ரிவெட்டைத் தட்டிப் பார்ப்பார்கள்: இறுகியிருந்தால் ‘டிங்’, தளர்ந்திருந்தால் மொத்தையாக ஒரு சத்தம்.

துருவைச் சுரண்டாமல் மேலே பூசுவது சுத்த ஏமாற்று வேலை (எங்கட வீட்டு கேட்டுக்கும் அதேதான் நடக்குது!). அந்தக் காலப் பெயின்டில் ஈயமும் இருக்கும். சுரண்டும்போது தூள் தண்ணீரில் விழாமல் கீழே மறைப்புக் கட்ட வேணும். செலவில் பெரும்பங்கு அதுக்கே போய்விடும், அண்ணன்.