யாரை வகுப்புக்கு வெளியே அனுப்புகிறோம்?

"நம் பள்ளியில் எல்லாரும் சமம்" என்று காலைக் கூட்டத்தில் பேசாத தலைமையாசிரியர் அரிது. அது உண்மையா என்பதற்கான விடை அவர் மேசை மேல்தான் கிடக்கிறது, பதிவேடுகளாக. சிக்கல் என்னவென்றால், நாம் சராசரியைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம்.

400 பேர் படிக்கும் பள்ளியில் சராசரி வருகை 92 சதவீதம் என்று வையுங்கள். 360 பேரின் வருகை 94, மீதி 40 பேரின் வருகை 74 என்று இருந்தாலும் இதே 92தான் வரும். அந்த 40 பேர் யார்? பெண், ஆண், வீட்டு மொழி, மாற்றுத்திறன், வீட்டின் பொருளாதாரம் என்று பிரித்துப் போட்டால்தான் தெரியும்.

வருகையைவிட அதிகம் பேசுவது ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேடு. அதில் 'காரணம்' என்ற கட்டத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். "ஜன்னல் கண்ணாடியை உடைத்தான்" என்பது நடந்தது. "திமிராகப் பார்த்தாள்", "மரியாதை இல்லை" என்பதெல்லாம் எழுதியவரின் தீர்ப்பு. ஓரவஞ்சனை ஒளிந்துகொள்வது பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான். அதனால் பிள்ளை என்ன செய்தது, என்ன சொன்னது, எந்தப் பாடவேளை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று நான்கே கட்டங்கள் வையுங்கள். ஒரு பருவம் போனால் ஒரே பாடவேளை திரும்பத் திரும்ப வருவது கண்ணில் படும். பாதிச் சிக்கல் கால அட்டவணையில் இருக்கும். மேலே சொன்னபடி பிரித்துப் போட்டதில் ஒரு பிரிவில் ஐந்தாறு பேர்தான் என்றால் அந்தக் கணக்கை ஆசிரியர் கூட்டத்தில் காட்டாதீர்கள்; எந்தப் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தது வகுப்பறை. இருக்கைகளை ஒரு தாளில் வரைந்துகொண்டு 20 நிமிடம் பின்னால் உட்காருங்கள். ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்டாலும் அந்த இருக்கையில் ஒரு கோடு. முன்வரிசையில் கோடுகள் குவியும், ஓரங்கள் வெறுமையாக இருக்கும். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் குறியுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்றாக்கினாலே வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள் என்பது அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவின் ஆய்வில் வந்த முடிவு. அந்தத் தாளை ஆசிரியரிடமே கொடுத்துவிடுங்கள். பணி மதிப்பீட்டுக் கோப்பில் சேர்த்தால், அடுத்த முறை நீங்கள் பார்ப்பது வகுப்பு அல்ல, நாடகம்.

சிறப்புக் கல்விக்காகப் பிள்ளையை விளையாட்டு வேளையில் அழைத்துப் போவது பல பள்ளிகளில் வழக்கம். அந்தப் பிள்ளைக்கு அது தண்டனை. கணக்கு வேளையில் அழைத்தால் கணக்கில் பின்தங்கும். சிறப்பாசிரியர் வகுப்புக்குள் வருவதே நல்லது. ஆனால் இரு ஆசிரியர்களும் சேர்ந்து திட்டமிட வாரத்துக்கு ஒரு பாடவேளையாவது அட்டவணையிலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் "அது உங்க பிள்ளை" என்று வகுப்பாசிரியர் கை கழுவிவிடுவார். பள்ளிதான் பிள்ளைக்கு ஏற்ப மாற வேண்டும் என்று சிறப்புக் கல்வி பற்றிய யுனெஸ்கோ மாநாட்டின் 1994 சாலமன்கா அறிக்கை சொன்னதற்கு, நடைமுறையில் இந்த ஒரு பாடவேளைதான் பொருள்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கான சாய்தளம் 1:12 சரிவில் இருக்கட்டும்; 60 செ.மீ. உயரத்துக்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லையா? அந்த வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றுங்கள், செலவில்லை. அந்தப் பிள்ளையை மட்டும் கீழ்வகுப்போடு உட்கார வைக்காதீர்கள்.