புழுக்கையிலிருந்து புழுவின் பெயர் வரை

காட்டில் மேயும் மான்களுக்கும் காட்டாடுகளுக்கும் உள்ள குடற்புழுக்களை ஆராய்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது புழுக்கை மட்டுமே. உருளைப்புழுவின் இனத்தை உருவத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல, முதிர்ந்த ஆண்புழுவின் வால்முனையைப் பார்க்க வேண்டும். அதற்கு விலங்கு இறந்திருக்க வேண்டும், அதன் வயிறு அழுகுவதற்கு முன் நாமும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

புழுக்கையைக் கரைத்து, உப்புக் கரைசலில் முட்டைகளை மிதக்கவிட்டு, நுண்ணோக்கியில் எண்ணுவதே நான் முதலில் கற்ற வேலை. நெமட்டோடைரஸ் என்ற புழுவின் முட்டை மற்றவற்றைவிட மிகப் பெரியது என்பதால் கண்ணில் பட்டவுடன் தெரிந்துவிடும். ஆனால் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸின் முட்டையையும் ட்ரைக்கோஸ்ட்ராங்கைலஸின் முட்டையையும் அருகருகே வைத்தால், எது எதனுடையது என்று நம்பிக்கையோடு சொல்ல என்னால் இன்றும் முடியாது. குறிப்பேட்டில் 'ஸ்ட்ராங்கைல் வகை' என்று எழுதிவிட்டு நகர்ந்த பக்கங்கள் ஏராளம்.

அந்த இடத்தில்தான் ஐடிஎஸ்-2 கைகொடுக்கிறது. ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே உள்ள இச்சிறு டிஎன்ஏ பகுதி, ஓர் இனத்துக்குள் அதிகம் மாறாமலும் இனத்துக்கு இனம் வேறுபட்டும் இருக்கிறது. அதன் இருபுறமும் உள்ள பகுதிகள் பெரிதும் மாறாதவை என்பதால் ஒரே பிரைமர் இணை (டிஎன்ஏவைப் படியெடுக்கத் தொடங்கிவைக்கும் இரு சிறு துண்டுகள்) பல இனங்களுக்கும் பொருந்துகிறது. ஹீமாங்கஸ் கன்டார்டஸில் இதன் நீளம் 231 டிஎன்ஏ எழுத்துகள்; அதன் நெருங்கிய உறவான ஹீமாங்கஸ் பிளேசியை அதிலிருந்து பிரித்துக் காட்டுபவை 3 எழுத்துகளே. 2015-இல் மாடுகளின் புழுக்களுக்காக வெளியான 'நெமாபயோம்' முறை, ஒரு மாதிரியில் கலந்திருக்கும் எல்லா இனங்களின் ஐடிஎஸ்-2 வரிசைகளையும் ஒரே ஓட்டத்தில் படித்துவிடுகிறது.

படிப்பதற்கு முன்புதான் பாடு. முட்டையின் ஓடு எளிதில் உடையாது. உறையவைத்து உருக்கி, நொதியில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டியிருக்கும். சாணத்தில் உள்ள தாவரப் பொருள்களும் பித்த உப்புகளும், டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆரைத் தடுத்துவிடும். பெருகிய டிஎன்ஏவைப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் ஒரு பட்டையும் தெரியாமல் நான் இரண்டு நாள் குழம்பிய பிறகு, டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தபோது பட்டைகள் பளிச்சென்று வந்தன.

இவ்வளவு பாடுபட்டுப் பெயர் தேடுவது ஏன் என்பதற்கு வட அமெரிக்காவின் மூளைப்புழு நல்ல சான்று. வெள்ளைவால் மானுக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாத இப்புழு, மூஸ் மானின் நரம்பு மண்டலத்தில் புகுந்தால் அதைத் தடுமாறவைத்துக் கொன்றுவிடும். இதன் முதல்நிலை லார்வாவோ, வாலில் முள் கொண்ட அதன் உறவினங்களின் லார்வாக்களைப் போலவே இருக்கும். மரபணு வரிசை இல்லாமல் யாருடையது என்று சொல்வது ஊகமே.

வரிசைகளின் எண்ணிக்கையைப் புழுக்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில இனங்களின் டிஎன்ஏ மற்றவற்றைவிட எளிதாகப் பெருகும். அதனால் முட்டை எண்ணுவதை நான் விட்டுவிடவில்லை.

மரபணு எப்போதும் பிரித்துத்தான் காட்டும் என்பதில்லை. செம்மறியாட்டின் நான்காம் வயிற்றில் வாழும் டெலடோர்சேஜியாவில், ஆண்புழுக்களின் உருவத்தை வைத்து மூன்று இனங்களாக எழுதப்பட்டவை ஓரினத்தின் மூன்று தோற்றங்களே என்று தெரிந்தபின், பழைய பட்டியல்களைப் படிக்கும்போது மூன்று வரிகளையும் கூட்டி ஒரே வரியாக எழுதிக்கொள்கிறேன்.