25இல் ஒரு பங்குக் கப்பல்

சேலத்திலிருந்து வணிகக் கப்பல் பணிக்குச் செல்ல விரும்பும் இளைஞர்கள் ஏற்காட்டிலுள்ள என் வீட்டுக்கு வரும்போது, கப்பல்களைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் துறைமுக பைலட்டாக நான் பெற்ற பயிற்சிகளில் எது மிகவும் கைகொடுத்தது என்று கேட்பதுண்டு. பிரான்சில் கிரெனோபிள் நகருக்கு வடமேற்கே உள்ள போர்ட் ரெவல் ஏரியில், ஆள் ஏறி ஓட்டும் மாதிரிக் கப்பல்களில் பெற்ற பயிற்சி என்று தயங்காமல் சொல்வேன். 1967 முதல் நடந்துவரும் அந்த மையத்தின் கப்பல்கள் 25இல் ஒரு பங்கு அளவில் கட்டப்பட்டவை. 330 மீட்டர் நீளமுள்ள எண்ணெய்க் கப்பல் அங்கே 13 மீட்டருக்குச் சற்று மேல். நீளம், அகலம், உயரம் மூன்றும் 25இல் ஒரு பங்காவதால், எடையோ 15,625இல் ஒரு பங்கு. அப்படியும் 3 லட்சம் டன் கப்பலின் மாதிரி ஏறத்தாழ 19 டன் இருக்கும் என்பதால், அதன் ஓட்டத்தைக் கையால் தள்ளி நிறுத்திவிட முடியாது.

உருவம் சுருங்கும்போது, மாதிரிக் கப்பல்களுக்கான ஃபுரூட் அளவு விதிப்படி, வேகமும் நேரமும் 25இன் வர்க்கமூலமான 5ஆல் வகுபடுகின்றன. கடலில் 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகம் என்பது ஏரியில் 2 நாட். கடலில் 5 நிமிடம் பிடிக்கும் திருப்பம் ஏரியில் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். பயிற்சியின் கடுமையும் பயனும் இதில்தான் உள்ளன. கப்பல் திரும்பத் தொடங்கியதைப் பார்த்தபின் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பக் கட்டளை இடுபவருக்கு அந்தக் கட்டளை எப்போதும் தாமதம். எனவே கண் காண்பதற்கு முன்பே மனம் கணிக்கப் பழகுகிறது.

மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்தின் பின்சக்கரங்கள் வளைவின் உட்பக்கம் ஒதுங்குவதைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு, கப்பல் அதற்கு நேர்மாறானது என்பதை முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. முன்னோக்கிச் செல்லும் கப்பல் முகப்பை ஒட்டிய ஒரு புள்ளியைச் சுற்றித் திரும்புவதால், பின்பகுதி வெளிப்பக்கம் அகன்று வீசும். குறுகிய கால்வாயில் கரையை நெருங்கினால் அந்தப் பின்பகுதியைக் கரை இழுத்துக்கொள்ளும், முகப்போ எதிர்க்கரையை நோக்கி விலகும். இதை வகுப்பில் படம் வரைந்து காட்டலாம். ஆனால் சுக்கானை முழுவதும் திருப்பியும் கப்பல் கேட்க மறுப்பதை மாதிரிக் கப்பலில் உட்கார்ந்து உணர்ந்தவர் பின்னர் கரையருகே வேகத்தைக் கூட்டமாட்டார்.

இரவு, மூடுபனி, ஒரு குறிப்பிட்ட துறைமுகத்தின் விளக்குகள் ஆகியவற்றுக்குக் கணினி சிமுலேட்டரே சிறந்தது. ஆனால் அதில் கரையின் இழுப்பு எழுதிவைத்த சமன்பாட்டின் அளவே இருக்கும். ஏரியில் நீரே அந்த வேலையைச் செய்கிறது. பைலட் பயிற்சி குறித்துப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2003இல் நிறைவேற்றிய தீர்மானம் இரண்டையுமே, மெய்யான கப்பல் அனுபவத்துக்குத் துணையாக மட்டும், குறிப்பிடுகிறது. அது சரியான வரிசை என்றே கருதுகிறேன். ஏனெனில் நீரின் பாகுத்தன்மை (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு) மாதிரிக்கு ஏற்பச் சுருங்குவதில்லை. தொலைவை அளக்கும் மனிதக் கண்ணும் அப்படியே.

ஆகவே சில ஆண்டுகள் கப்பலில் கட்டளை கொடுத்துப் பழகிய பின்னரே அங்கே செல்லுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்கிறேன். அப்போதுதான், இயந்திரம் நின்றுபோன கப்பலை நங்கூரத்தை இழுத்தபடியே கட்டுப்படுத்துவது போன்ற, மெய்யான கப்பலில் எந்தக் கேப்டனும் ஒத்திகைக்கு அனுமதிக்காதவற்றை அவர்கள் தயக்கமின்றிக் கேட்டுச் செய்து பார்ப்பார்கள்.