ஒரே நாற்காலி, இரண்டு வரிக் கணக்கு

கோயம்புத்தூர் கணபதியில், பம்ப்செட்டு உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்றை அண்ணனும் நானும் சரிபாதிப் பங்குதாரர்களாக நடத்திவருகிறோம். 2023 மார்ச்சில் எங்கள் கணக்கர் வேலையை விட்டு நின்றபோது, பி.காம். படித்து, திருமணத்துக்கு முன்பு ஒரு நூல் கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்குப் போட்டுப் பழகியிருந்த என் மனைவி அந்த நாற்காலிக்கு வந்தார். கணக்கருக்கு மாதம் 24,000 ரூபாய் கொடுத்துவந்தோம். மனைவிக்கு 25,000 என்பதை அண்ணனும் ஒப்புக்கொண்டார்.

இதனால் வரியும் குறையும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததை மறைப்பதற்கில்லை. கூட்டு நிறுவனத்தின் லாபத்தில் 30 சதவீத வரியும் அந்த வரியின்மேல் செஸ் என்ற 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்ந்து 31.2 சதவீதம் போய்விடுகிறது. ஆண்டுச் சம்பளம் 3,00,000 ரூபாயைச் செலவாக எழுதினால் 93,600 ரூபாய் மிஞ்சும். மனைவியின் கையில் அந்தத் தொகைக்கு வரியே வராது. 2024 ஜூலையில் அவர் பெயரில் தனி ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

அந்த நவம்பரில் ஆடிட்டரை மாற்றினோம். புதியவர் பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்து, மனைவியின் ரிட்டர்னில் நிறுத்தி, "இந்தச் சம்பளம் உங்க ரிட்டர்ன்ல அல்லவா வரணும்?" என்றார். முதலில் எனக்கு விளங்கவில்லை. சொந்தக்காரர்களுக்குச் சந்தை நிலவரத்தைவிட மிகையாகக் கொடுத்தால் அந்த மிகையைச் செலவாக ஏற்கமாட்டார்கள் என்பது நான் அறிந்ததே. அப்போது நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(2) பிரிவு அது. பழைய கணக்கரின் சம்பள வவுச்சர்கள் கையில் இருந்ததால் அந்தப் பக்கம் எங்களுக்குப் பயமில்லை. ஆனால் சம்பளம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அதே சட்டத்தின் 64(1)(ii) பிரிவு தனியாக வந்து நின்றது. ஒரு தொழிலின் லாபத்தில் 20 சதவீதமோ அதற்கு மேலோ உரிமையுள்ள ஒருவரின் கணவனோ மனைவியோ அதே தொழிலில் பெறும் சம்பளம், பங்குள்ளவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும். ஆடிட்டர்கள் இதைக் 'கிளப்பிங்' என்கிறார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சம்பளம் வாங்குபவருக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து, அந்த அறிவையும் அனுபவத்தையும் பயன்படுத்தியதால் மட்டுமே அந்த வருமானம் வந்திருந்தால் சேர்க்க வேண்டியதில்லை. மருத்துவமனை நடத்துபவரின் மனைவி அங்கேயே மருத்துவராக இருந்தால் சிக்கல் இல்லை. பி.காம். பட்டமும் டேலி அனுபவமும் அந்தத் தகுதியாகுமா என்பதில்தான் நாங்கள் இரண்டு வாரம் தடுமாறினோம். பட்டமோ சான்றிதழோ கட்டாயமில்லை, தேவையான அறிவு இருந்தால் போதும் என்று ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியிருப்பதை ஆடிட்டர் எடுத்துக் காட்டினார். அதை வைத்து வாதாடிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். பிறகு, 'மட்டுமே' என்ற சொல்லின் கீழ் பேனாவால் கோடிட்டு, மனைவி ஒரு நாளில் என்னென்ன செய்கிறார் என்று கேட்டார். ஜிஎஸ்டி பில் போடுவது, இ-வே பில் எடுப்பது, வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது வரை நன்றாகத்தான் போயிற்று. சனிக்கிழமை கூலி பட்டுவாடா, கூரியர்காரரிடம் கையெழுத்து, போன் எடுப்பது, டீக்கடைப் பாக்கி என்று மனைவியே ஒன்றும் விடாமல் சொல்லச் சொல்ல, ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

எனக்கு இதில் இன்றும் மனக்குறை உண்டு. அதே நாற்காலியில் அதே வேலைகளைச் செய்த பழைய கணக்கரின் சம்பளம் அவருடைய வருமானமாகவே இருந்தது. உழைக்காத மனைவியின் பெயரில் சம்பளம் எழுதி வரியைக் குறைப்பவர்களைத் தடுக்கவே இந்த விதி என்பது புரிகிறது. உழைத்தவரும் அதே வலையில் விழுகிறார் என்பதுதான் வருத்தம்.

டிசம்பரில் திருத்திய ரிட்டர்ன் தாக்கல் செய்தோம். ஐடிஆர்-3 படிவத்தில், குறிப்பிட்ட உறவினரின் வருமானத்தைச் சேர்த்துக் காட்டுவதற்கென்றே எஸ்பிஐ என்றொரு அட்டவணை இருக்கிறது. வங்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மனைவியின் பெயர், பான் எண், உறவு, தொகை ஆகியவற்றை அதில் நிரப்பினோம். சம்பளக்காரர்களுக்கு அந்த ஆண்டு இருந்த நிலைக் கழிவு 50,000 போக மீதி 2,50,000 ரூபாய், ஏற்கெனவே பன்னிரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த என் வருமானத்தின்மேல் ஏறி, புதிய வரி முறையில் அந்த ஆண்டு இருந்த 20 சதவீத ஸ்லாபில் விழுந்தது. செஸ்ஸோடு 52,000 ரூபாய். தாமத வட்டி தனி. முதல் இரண்டு மாதச் சம்பளத்தை மற்ற ஆட்களுக்குப் போலவே ரொக்கமாகக் கொடுத்திருந்தது இன்னொரு தவறு. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது என்பதால், அந்த 50,000 ரூபாயை நிறுவனத்தின் லாபத்தில் திரும்பச் சேர்த்து அங்கே 15,600 ரூபாய் கட்டினோம். அதே பணம் என் கணக்கிலும் ஏறியிருந்ததால், அதற்கு இரண்டு இடத்தில் வரி கட்டியதாயிற்று.

மனைவியின் ரிட்டர்னையும் திருத்தினோம். சம்பளத்தை நிறுத்திவிடலாமா என்று அண்ணன் கேட்டார்; வேண்டாம் என்றேன். நிறுவனத்தில் மிஞ்சுவதையும் என் கையில் கூடுவதையும் கழித்துப் பார்த்தாலும் பெரிய நட்டமில்லை. அதோடு, உழைத்து வாங்கிய சம்பளத்திலிருந்து அவர் சேமித்துப் போடும் பணத்தின் வட்டி கிளப்பிங்கில் வராது, அவருடைய வருமானமாகவே இருக்கும் என்று ஆடிட்டர் சொல்லியிருந்தார்.

"சம்பளம் உங்களோடது, வட்டி மட்டும் என்னோடதா?" என்று மனைவி சிரித்தார். மறுவாரமே அஞ்சலகத்தில் மாதம் 10,000 ரூபாய்க்கு ஆர்டி கணக்கு தொடங்கி, பாஸ்புத்தகத்தைப் பட்டறை மேசை இழுவறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.