எஞ்சினில் தேடினால் கிடைக்காது

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்ன விமானத் திடலில் மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் 1970 முதல் கூடிவரும் ஓஷ்கோஷ் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. விமானம் நிறுத்தும் எங்கள் ஹேங்கர்களிலும் கராஜில் கட்டி இறக்கை பூட்டிக் கொண்டுவந்த விமானங்கள் நிறைய நிற்கின்றன. இவற்றில் எஞ்சின் தகராறு செய்தால் எங்கே தேட வேண்டும் என்பது பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு.

தொழிற்சாலையில் செய்த செஸ்னா 172 என்ற சின்ன விமானம் வந்தால் பெட்ரோல் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது, எந்த இடத்தில் உரசும் என்பதெல்லாம் பார்க்காமலே தெரியும், ஏனென்றால் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி செய்திருக்கிறார்கள். கராஜில் கட்டியது அப்படி இல்லை. முன்னால் இருக்கும் லைகாமிங் ஓ-320 எனக்குப் பழகிய எஞ்சின்தான். ஆனால் அதற்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாய், காற்று வரும் பெட்டி, த்ராட்டில் கேபிள், வயரிங், எர்த் எல்லாம் ஒரு தனி மனிதர் இரவுகளில் உட்கார்ந்து யோசித்துச் செய்தவை. அந்த விமானத்தைப் போல இன்னொன்று உலகத்தில் கிடையாது. அதனால் "எஞ்சின் சரியில்லை" என்று யார் வந்தாலும் நான் முதலில் எஞ்சினைச் சந்தேகிப்பதில்லை, அதோடு சேர்த்துக் கட்டியதைத்தான் சந்தேகிப்பேன். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் இந்த வகை விமானங்களைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. விபத்துகளுக்கு முக்கியக் காரணங்களில் எஞ்சின் சக்தி இழப்பும் ஒன்று என்றும், பல விபத்துகள் விமானம் பறக்கத் தொடங்கிய ஆரம்ப நாட்களிலேயே நடக்கின்றன என்றும் அதில் இருக்கிறது. இங்கே நான் பார்ப்பதும் அதுதான்.

ஓய்வு பெற்ற ஒருவருடைய விமானம். இரண்டு இருக்கை, இறக்கை கீழே, அதில் இடதும் வலதுமாக இரண்டு டேங்க். ஏறிக் கொஞ்ச நேரம் நன்றாகப் பறக்கும், அப்புறம் எஞ்சின் திடீரென்று தடதடக்கும், சக்தி குறையும். இறங்கி வந்து தரையில் முழு த்ராட்டில் கொடுத்தால் ஒரு குறையும் இருக்காது. அவர் ஏற்கெனவே பெட்ரோல் பம்பை மாற்றிவிட்டார், கார்புரேட்டரைக் கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்பி வாங்கிவிட்டார், எஞ்சின் சுழலும்போது பேட்டரி இல்லாமலே பிளக்குகளுக்குத் தீப்பொறி தரும் மேக்னட்டோவையும் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பணம் போனதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது வேறு. மனைவியோடு பறக்க வேண்டும் என்றுதான் அந்த மனிதர் அதைக் கட்டினார், இப்போது அந்த அம்மாவை ஏற்றவே பயப்படுகிறார்.

நான் ஸ்பேனரை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டேன். எந்த டேங்க்கில் ஓடும்போது வருகிறது? யோசித்துப் பார்த்து, இடது டேங்க் என்றார். பூஸ்ட் பம்பை, அதாவது கரண்டில் ஓடும் துணைப் பெட்ரோல் பம்பைப் போட்டால்? கொஞ்ச நேரம் சரியாகிறது. நான்கு சிலிண்டரின் புகைபோக்கி வெப்பமும் எப்படி இருந்தது? மீட்டர் பதிவு செய்து வைத்திருந்தது, எடுத்துப் பார்த்தோம். நான்கும் ஒன்றாக ஏறுகின்றன, கூடவே பெட்ரோல் அழுத்தம் இறங்குகிறது. ஒரு பிளக் கெட்டிருந்தால் ஒரு சிலிண்டரில்தான் தெரியும். நான்கும் சேர்ந்து ஏறினால் எல்லாவற்றுக்கும் பெட்ரோல் குறைகிறது என்று அர்த்தம், அதுவும் ஒரே ஒரு டேங்க்கில்.

"மேலே போய் இன்னொரு முறை பார்க்கட்டுமா" என்று கேட்டார். கூடாது என்றேன். இந்த மாதிரிக் கோளாறைத் தரையிலேயே வரவழைக்க முடியும். கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூஸ்ட் பம்பை ஓடவிட்டோம். பம்ப் வைத்த விமானத்தில் முழு சக்திக்குத் தேவையான பெட்ரோலைப் போல 125 சதவீதமாவது வர வேண்டும், புவியீர்ப்பில் இறங்குகிற டேங்க் என்றால் 150 சதவீதம். இந்த எஞ்சினுக்குக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். வலது டேங்க் கடைசிவரை ஒரே சீராக ஊற்றியது. இடது டேங்க்கும் நன்றாகத்தான் ஆரம்பித்தது, ஆனால் கேன் நிறைய நிறைய ஒழுக்கு மெலிந்துகொண்டே போனது. டேங்க் மூடியைத் திறக்கச் சொன்னேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது, ஒழுக்கு உடனே பழையபடி ஆனது.

வென்ட் குழாய் அடைத்திருந்தது. இறக்கைக்கு அடியில் கீழ்நோக்கித் திறந்திருக்கும் அந்தச் சின்னக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும், வராவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் கூடி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். இத்தனை நாள் இது பிடிபடாததற்குக் காரணம் அவருடைய ஒழுங்குதான். ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் மூடியைத் திறந்து பெட்ரோல் அளவு பார்ப்பார், அப்போதே காற்று உள்ளே போய்விடும். கூட்டை எடுத்து, குழாயை ஊதிச் சுத்தம் செய்து, வாயில் மெல்லிய பித்தளை வலை வைத்தோம். குளவிக்கூட்டை எந்த எஞ்சின் மேனுவலில் தேடுவது?

சக்தி அதிகமாகக் கேட்கும்போது தடுமாறினால் பெட்ரோல் வரும் வழியைப் பார்க்க வேண்டும். ஐடிலில் மட்டும் தடுமாறி, த்ராட்டில் கொடுத்தால் சரியாகிவிட்டால் காற்று எங்கேயோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது, பெரும்பாலும் இன்டேக் குழாயின் கேஸ்கெட் வழியாக. மீட்டரில் நான்கு சிலிண்டரின் உலோகச் சூடும் ஒரே நொடியில் குதித்தால் அது எஞ்சின் சூடே இல்லை. உலோகம் அவ்வளவு வேகமாகச் சூடாகாது. ஆல்டர்னேட்டரை அணைத்துப் பாருங்கள், முள் இறங்கிவிட்டால் மீட்டருக்குக் கொடுத்த எர்த்தில்தான் கோளாறு. கார்புரேட்டருக்குள் பனி கட்டுவதைக் குளிர்காலச் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதுகூடக் கட்டும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டைப் போட்டதும் எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக ஓடும், உருகிய தண்ணீர் உள்ளே போவதால். அந்த நேரத்தில் பயந்துபோய் ஹீட்டை அணைத்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது, எஞ்சினின் இரண்டு மேக்னட்டோக்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும் சோதனையில் ஆர்.பி.எம். குறையவே இல்லை என்று சந்தோஷமாக வருகிறவர்களைப் பார்த்துத்தான். ஒரு மேக்னட்டோவை அணைத்தால் ஆர்.பி.எம். கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும், 175 வரை இறங்கலாம். இறங்கவே இல்லையென்றால் அணைக்கும் வயர் அறுந்திருக்கலாம், மேக்னட்டோ உயிரோடு இருக்கிறது என்று பொருள். சாவியை எடுத்துப் பையில் போட்ட பிறகும், யாராவது புரொப்பெல்லரைக் கையால் நகர்த்தினால் எஞ்சின் ஓர் அடி அடித்துவிடும். அப்படி வருகிற விமானத்தில் வேறு எந்த வேலையும் தொடமாட்டேன், புரொப்பெல்லர் பக்கம் யாரையும் போக விடாமல் அந்த வயரைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகுதான் மற்றதெல்லாம்.