ரெண்டு கட்டத்துலயும் ஒரே அட்ரஸ்

2017 அக்டோபர், ஒரு திங்கக்கிழமை காலைல ஆபீஸ் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகல, போன் அடிச்சுது. "தங்கச்சி, நான் இருக்கிற வீடு அவருக்கு எப்பிடித் தெரிஞ்சது எண்டு எனக்கு விளங்கேல்ல. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, அம்மாவுக்குக்கூட சொல்லேல்ல." குரல் நடுங்குது. முதல்ல எனக்கு எதுவும் ஓடல, ஏன் இதை என்கிட்ட கேக்குறாங்கன்னுதான் தோணுச்சு. அவங்க பேசிட்டு இருக்கும்போதே கம்பெனி பேரை கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். முதல் வரியிலயே அவங்க புது வீட்டு அட்ரஸ், ஃபிளாட் நம்பரோட. போட்டது நான்தான்.

அப்ப நான் லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒரு சின்ன அக்கவுண்டன்சி ஆபீஸ்ல வேலை பாத்தேன். கம்பெனி ஆரம்பிக்கிறது, வருஷா வருஷம் போடுற ஃபைலிங், டைரக்டர் மாத்துறது, அட்ரஸ் மாத்துறது எல்லாம் என் டேபிளுக்குத்தான் வரும். இந்த அக்கா யாழ்ப்பாணத்துக்காரங்க, கல்யாணம், பிறந்தநாள், அவங்க பாஷைல சாமத்திய வீடுன்னு சொல்ற மஞ்சள் நீராட்டு விழா, இதுக்கெல்லாம் சாப்பாடு செஞ்சு குடுக்குற சின்ன கேட்டரிங் கம்பெனி. சமையலுக்கு வாடகை கிச்சன், பேப்பருக்கெல்லாம் வீட்டு அட்ரஸ். ஜூலைல வீடு மாறிட்டேன்னு புது அட்ரஸ மெசேஜ்ல அனுப்புனாங்க. புருஷன் அடி தாங்க முடியாம வெளிய வந்துட்டாங்கன்னு சொல்லல, நானும் கேக்கல. டைரக்டர் விவரம் மாறுனா 14 நாளுக்குள்ள கம்பெனீஸ் ஹவுஸுக்கு, அதாவது கம்பெனிகளப் பதிவு பண்ற அரசு ஆபீஸுக்கு, சொல்லணும், அது சட்டம், நான் அன்னைக்கே போட்டுட்டேன். கம்பெனி அட்ரஸ் மாத்த ஒரு ஃபார்ம், டைரக்டர் விவரம் மாத்த ஒரு ஃபார்ம், கம்பெனியோட ஓனர் யாருன்னு காட்டுற பதிவுக்கு ஒரு ஃபார்ம், மூணுலயும் அதே வீடு. மறுநாளே உலகத்துக்கே தெரியுற மாதிரி வந்துடுச்சு. அந்த ஆளு செஞ்சதெல்லாம் பொண்டாட்டி பேரை டைப் பண்ணது மட்டும்தான். முன்னாடி அந்தப் பதிவைப் பாக்க ஒவ்வொரு டாக்குமெண்டுக்கும் ஒரு பவுண்டு கட்டணும், 2015 ஜூன்ல இருந்து அதுவும் ஃப்ரீ.

ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்து கதவைத் தட்டிருக்கான். பக்கத்து ஃபிளாட்காரர் போலீஸக் கூப்பிட்டதால அன்னைக்கு எதுவும் ஆகல. அந்த அக்கா மூணு மாசத்துல ரெண்டாவது தடவ வீடு மாறுனாங்க.

இதுல என்னை இன்னைக்கும் அறுக்குறது என்னன்னா, இது நடந்தே இருக்க வேண்டாம். டைரக்டர் ஃபார்ம்ல அட்ரஸுக்கு ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு சர்வீஸ் அட்ரஸ், ஊருக்கே தெரியுறது, தபாலும் கோர்ட் நோட்டீஸும் வந்து சேர்ற இடமா இருந்தா போதும், வீடா இருக்கணும்னு இல்ல. இன்னொண்ணு குடியிருக்குற அட்ரஸ், அது கம்பெனீஸ் ஹவுஸ் உள்ளயே வச்சுக்கும், பொதுப் பதிவுல காட்டாது. 2006 கம்பெனி சட்டத்துல கொண்டு வந்து 2009 அக்டோபர் 1ல இருந்து நடைமுறைல இருக்குற விஷயம். ஆக சட்டம் எட்டு வருஷத்துக்கு முன்னாடியே கதவு வச்சுக் குடுத்துருச்சு, நாங்கதான், என்னை மாதிரி ஆபீஸ்ல உக்காந்து ஃபார்ம் ரொப்புறவங்கதான், ரெண்டு கட்டத்துலயும் ஒரே அட்ரஸ போட்டு அந்தக் கதவைத் திறந்தே விட்டோம். வேலை சீக்கிரம் முடியும், ஒரு டிக் போட்டா போதும். எங்க ஆபீஸ் அட்ரஸயே சர்வீஸ் அட்ரஸாவும் கம்பெனி அட்ரஸாவும் குடுக்குற வசதி இருந்துச்சு, வருஷத்துக்கு ஒரு சின்ன ஃபீஸ், ஆனா அதைப் பெரிய கிளையண்ட்டுக்குத்தான் சொல்லுவோம். சின்ன கம்பெனிக்கு எதுக்கு வீண் செலவுன்னு நானே முடிவு பண்ணிட்டேன், அவங்களக் கேக்காமலே.

சரி, போட்டதை எடுத்துடலாம்னு அன்னைக்கே உக்காந்தேன். அப்பதான் சட்டத்தோட அடுத்த பக்கம் தெரிஞ்சுது. இந்தப் பாதுகாப்பு வந்த கதைய கொஞ்சம் சொல்லணும். ஹண்டிங்டன் லைஃப் சயின்சஸ்னு மிருகங்கள வச்சு மருந்து சோதனை பண்ற ஒரு கம்பெனி, அதை மூடச் சொல்லி போராடுனவங்கள்ல ஒரு கூட்டம் வன்முறைல இறங்கி, கம்பெனில வேலை செய்யுறவங்க வீட்டுக்கே போக ஆரம்பிச்சாங்க. 2001 பிப்ரவரில அதோட மேனேஜிங் டைரக்டர் பிரையன் காஸை அவரு வீட்டு வாசல்லயே முகமூடி போட்டவங்க கட்டையால அடிச்சாங்க. அதுக்கப்புறம் 2002ல, ஆபத்து இருக்குன்னு நிரூபிக்கிற டைரக்டருக்கு வீட்டு அட்ரஸ மறைக்க ஒரு உத்தரவு வாங்கலாம்னு வழி வந்துது, பிறகு 2009ல எல்லாருக்கும் ரெண்டு கட்டம். ஆனா ஏற்கனவே பொதுவுல போயிட்ட அட்ரஸ எடுக்கணும்னா, கம்பெனி செய்யுற காரியத்தால வன்முறையோ மிரட்டலோ வரும்னு காட்டணும். கம்பெனி செய்யுற காரியத்தால. இந்த அக்கா கம்பெனி செய்யுற காரியம் இடியப்பமும் சொதியும். புருஷன் தேடி வர்றது அந்த விதிக்குள்ள எங்கயும் அடங்கல. அந்த வரிய ரெண்டு தடவ படிச்சிட்டு அவங்களுக்கு போன் பண்ணி இப்ப ஒண்ணும் பண்ண முடியாது அக்கான்னு சொன்னேன் பாருங்க, அந்த மாதிரி ஒரு போன் நான் அதுக்கு முன்னாடியும் பண்ணல பின்னாடியும் பண்ணல. மூணாவது வீட்டு அட்ரஸயாவது காப்பாத்துவோம்னு கம்பெனி அட்ரஸ், சர்வீஸ் அட்ரஸ் எல்லாத்தையும் எங்க ஆபீஸுக்கு மாத்துனேன், ஃபீஸ் வேண்டாம்னு முதலாளிகிட்ட சொல்லி சம்மதம் வாங்குனேன்.

2018 ஏப்ரல் 26ல விதி மாறுச்சு, காரணம் எதுவும் காட்டாமலே யாரு வேணா பழைய டாக்குமெண்ட்ல இருக்குற தன்னோட வீட்டு அட்ரஸ மறைக்கச் சொல்லி கேக்கலாம், அதுக்கு எஸ்ஆர்01னு ஒரு ஃபார்ம், ஒவ்வொரு டாக்குமெண்டுக்கும் தனியா ஃபீஸ். சந்தோஷமா உக்காந்து லிஸ்ட் எடுத்தேன். அப்பதான் ஒரு அட்ரஸ் எத்தனை இடத்துல போய் ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு புரிஞ்சுது. ஆரம்பிக்கும்போது போட்ட ஃபார்ம், அதுக்குள்ளயே பங்கு வாங்குனவங்க லிஸ்ட்ல தனியா ஒரு தடவ, ஓனர் பதிவுல ஒரு தடவ, டைரக்டர் விவரத்துல ஒரு தடவ. எல்லாத்துக்கும் மேல கம்பெனியோட ரிஜிஸ்டர்டு ஆபீஸா, அதாவது கம்பெனி அட்ரஸா, இருந்த அட்ரஸ் இந்த மாற்றத்துல வரவே இல்ல. முன்பக்கம் அழிச்சாலும் ஹிஸ்டரில நிக்குது. வீட்டுலயே கம்பெனி நடத்துறவங்களுக்கு அதுதான் மெயின் பிரச்சனை, அதைத் தொடவே முடியல. அதுக்கு 2025 ஜனவரி 27 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

இவ்வளவு சொல்லிட்டு இன்னொரு பக்கத்தையும் சொல்லாம விட்டா அது நியாயம் இல்ல. எங்க கிளையண்ட்லயே காய்கறி மொத்த வியாபாரம் பண்ற ஒரு அண்ணன் இருந்தாரு. ஒரு ரெஸ்டாரண்ட் கம்பெனி அவருக்கு பல ஆயிரம் பவுண்டு பாக்கி வச்சுட்டு மூடிருச்சு, மூணாவது வாரமே அதே தெருவுல வேற பேர்ல அதே ஆளுங்க. பதிவுல டைரக்டர் பேரையும் பிறந்த மாசத்தையும் அட்ரஸயும் ஒப்பிட்டுப் பாத்து அதே ஆளுதான்னு கண்டுபிடிச்சுக் குடுத்தது நான்தான். அந்தப் பதிவு திறந்து கிடக்கலைன்னா அண்ணன் பணம் போனது போனதுதான். லிமிடெட் கம்பெனின்னா கடன் கம்பெனியோட போயிடும், சொந்த வீடு தப்பிச்சுக்கும், அந்தச் சலுகை வாங்குறவங்க யாருன்னு ஊருக்குத் தெரியணும்ங்கறதுல எனக்கு இன்னைக்கும் மாற்றுக் கருத்து இல்ல. ஆனா யாருன்னு தெரியறது வேற, ராத்திரி எந்தக் கதவுக்குப் பின்னாடி தூங்குறாங்கன்னு தெரியறது வேற. அட்ரஸ மறைச்சா மோசடிக்காரன் தப்பிச்சுடுவான்னு சொல்றவங்க ஒண்ணு பாக்கணும், அது கம்பெனீஸ் ஹவுஸ்கிட்ட இருக்கத்தான் செய்யுது, போலீஸ் மாதிரி அரசு அமைப்புகளுக்குப் போகும், சர்வீஸ் அட்ரஸுக்கு அனுப்புற கடிதத்துக்கு பதிலே வரலைன்னா நோட்டீஸ் குடுத்துட்டு வீட்டு அட்ரஸயே பொதுவுல போடுற அதிகாரமும் சட்டத்துல இருக்கு. ஒளிஞ்சா வெளிய வரும், ஒழுங்கா இருந்தா உள்ள இருக்கும். இதைவிட நேர்மையான ஏற்பாடு எனக்குத் தோணல.

நான் இப்ப வேற ஆபீஸ்ல. புது கம்பெனி ஆரம்பிக்க வர்றவங்ககிட்ட ஃபார்ம எடுக்குறதுக்கு முன்னாடியே, இந்த அட்ரஸ் யாருக்குத் தெரிஞ்சாலும் உங்களுக்குப் பரவால்லயான்னு கேப்பேன். முக்கால்வாசிப் பேர் என்ன இப்படி கேக்குறீங்கன்னு ஒரு மாதிரி பாப்பாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு, பக்கத்துல அண்ணனோட வந்துருந்துச்சு, அந்தக் கேள்விக்கு பதிலே சொல்லல, தலைய மட்டும் இல்லன்னு ஆட்டுச்சு. நானும் அதுக்கு மேல எதுவும் கேக்கல, ரெண்டு கட்டத்துலயும் வேற வேற அட்ரஸ் போட்டு முடிச்சேன்.

அந்த 2025 ஜனவரி விதி வந்ததும் அந்த கேட்டரிங் அக்காவுக்கு நானே போன் பண்ணேன். மிச்சம் இருந்த நாலு டாக்குமெண்ட், ஒண்ணுக்கு 30 பவுண்டு, அந்த 120 பவுண்டு நான்தான் கட்டினேன், அவங்க வேண்டாம்னாங்க, நான் கேக்கல. கம்பெனீஸ் ஹவுஸ்ல இப்ப சுத்தம். ஆனா அந்தப் பதிவை அப்படியே இறக்கி வச்சு விளம்பரம் போட்டு சம்பாதிக்கிற தனியார் சைட்டுங்க இருக்கு, அதுங்ககிட்ட ஒவ்வொண்ணா எழுதிக் கேக்கணும், டேட்டா பாதுகாப்பு சட்டப்படி நீக்கச் சொல்லிக் கேக்குற உரிமை இருக்கு, சிலது ரெண்டு நாள்ல எடுத்துடும். ஒண்ணு மட்டும் இன்னும் எடுக்கல. மூணு மெயில் போட்டாச்சு, அந்த 2017 ஃபிளாட் நம்பர் அங்க அப்படியே இருக்கு. அந்த வீட்டுல இப்ப வேற யாரோ குடியிருக்காங்க, அவங்க கதவையும் யாரும் தட்டிடக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமை நாலாவது மெயில் எழுதிட்டு வந்தேன்.